செவிலி வீடு

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளைச் செயலாளர் அறிவித்தபோது, பின்வரிசையில் ஒரு சிரிப்பொலி எழுந்ததை நாம் கவனியாமலில்லை. புராணப் படனமும் பண்ணிசையும் கேட்டுப் பழகிய இம்மண்டபத்தில் ஒருவர் நாயைப் பற்றிப் பேசப் போகின்றார் என்றால், சிரிப்பு வருவது இயல்பே. அதில் எமக்கு வருத்தமில்லை. சிரித்த நண்பர்களே பேச்சு முடிந்ததும் எம்மிடம் வந்து காப்பகத்தின் முகவரியைக் கேட்பார்கள் என்ற நம்பிக்கை எமக்குண்டு.

அந்தச் சிரிப்பிற்குப் பின்னால் ஒரு கேள்வி மறைந்து நிற்கின்றது. "மனிதருக்கே உணவும் உறையுளும் போதாத நாட்டில், நாய்க்கு எதற்கு இத்தனை உபசாரம்?" என்பதே அது. நேர்மையான கேள்வி. அதற்கு விடை கூறாமல் மேலே செல்லுதல் முறையன்று.

முதலாவது விடை, கணக்குப் பார்ப்போருக்குரியது. 1973ஆம் ஆண்டில் இலங்கையில் விசர்நாய்க்கடி நோயினால் இறந்த மனிதர் தொகை 377. அண்மைக் காலத்தில் அத்தொகை ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய இருபது, முப்பது என்ற அளவுக்குக் குறைந்திருக்கின்றது. கடியுண்ட மனிதருக்கும், கடிக்கக்கூடிய நாய்களுக்கும் ஏற்றப்பட்ட தடுப்பூசியே இதற்குப் பெருங் காரணம். கொழும்பு மாநகரில் 2007ஆம் ஆண்டு தொடங்கித் தெருநாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றிக் கருத்தடையும் செய்யும் திட்டமொன்று நடைபெற்றது. 2006ஆம் ஆண்டில் நகரில் 43 நாய்களிடம் காணப்பட்ட விசர்நோய், 2012ஆம் ஆண்டில் இரண்டே நாய்களிடம் காணப்பட்டது. நாயைக் கவனித்த ஊரில் பிள்ளைகள் அச்சமின்றி வீதியில் நடக்கலாம் என்பதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது விடை, இதிகாசம் கற்றோருக்குரியது. தருமபுத்திரர் தம்மைப் பின்தொடர்ந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புக மறுத்த கதையை நாமெல்லோரும் அறிவோம். ஆனால் மகாபாரதத்தின் ஆதிபருவத் தொடக்கத்திலேயே மற்றொரு நாயின் கதை உண்டு என்பதைப் பலர் நினைவிற் கொள்வதில்லை. சனமேசய மன்னன் குருக்ஷேத்திரத்தில் வேள்வி செய்துகொண்டிருந்தான். அவ்விடத்துக்கு ஒரு நாய்க்குட்டி வந்தது. மன்னனுடைய தம்பியர் மூவரும் அதனை அடித்துத் துரத்தினர். அது அழுதுகொண்டு தன் தாயாகிய சரமையிடம் ஓடிற்று. "நீ ஏதாவது குற்றஞ் செய்தாயோ?" என்று தாய் கேட்டாள். "அவியுணவை நான் நக்கவுமில்லை, நோக்கவுமில்லை" என்றது குட்டி. சரமை நேரே வேள்விச்சாலைக்குள் நுழைந்து, "குற்றஞ் செய்யாத என் பிள்ளையை ஏன் அடித்தீர்கள்?" என்று கேட்டாள். அச்சபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. "நினையாத நேரத்திலே உங்களுக்கு அச்சம் வந்து சேரும்" என்று சபித்துவிட்டுச் சரமை போயினாள். மன்னன் கலங்கினான்.

அன்பர்களே, நாட்டில் எத்தனையோ துயரம் இருக்க, ஒரு நாயின் முறைப்பாட்டைக் கேட்கும் கடமை அரசனுக்கும் உண்டு என்று அக்காவியம் தன் வாயிலிலேயே எழுதி வைத்திருக்கின்றது. சரமை கேட்ட கேள்விக்கு அன்று சபை மௌனஞ் சாதித்தது. இன்று அக்கேள்வி நம்மை நோக்கியும் கேட்கப்படுகின்றது.

நம்மவர் ஊர்களில் வைரவர் கோயில் இல்லாத ஊர் அரிது. வைரவருக்கு வடைமாலை சாத்துகின்றோம். அவருடைய வாகனம் நாய் என்பதும் நமக்குத் தெரியும். ஆயினும் அக்கோயில் மதிலோரத்தில் மழைக்கு ஒதுங்கும் உயிருள்ள நாயைக் கண்டால் நமது கை கல்லைத் தேடுகின்றது. பெட்டைக் குட்டிகள் பிறந்தால் உரப்பையிற் கட்டி, கோயில் வாசலிலும் சந்தையடியிலும் கொண்டுவந்து விட்டுச் செல்வோரும் நம்மவரே. "யாராவது சோறு போடுவார்கள்" என்று சொல்லிக்கொள்கின்றார்கள். அந்த 'யாராவது' யார் என்று நினைத்துப் பார்ப்பதில்லை.

இனி, இவ்வாறு கைவிடப்பட்ட நாய்களுக்கு உலகம் என்ன வழி கண்டது என்பதைச் சிறிது நோக்குவோம். 1860ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில், மேரி டீல்பி என்னும் பெண்மணி, வழிதவறிய நாய்களுக்கும் பட்டினி கிடக்கும் நாய்களுக்கும் ஹொலவே என்ற இடத்தில் ஓர் இல்லம் அமைத்தார். மனிதர் பட்டினி கிடக்க நாய்க்கு வீடா என்று பத்திரிகைகள் அவரை நையாண்டி செய்தன. நாம் தொடக்கத்திற் சொன்ன அதே கேள்விதான்! ஆனால் 1862ஆம் ஆண்டில், நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் அவ்வில்லத்தைப் பாராட்டி ஒரு கட்டுரை வெளிவந்தது. பரிசு பெறும் உயர்சாதி நாய்களின் கண்காட்சியையும், எவரும் வேண்டாத நாய்களின் இல்லத்தையும் அக்கட்டுரை பக்கத்திற் பக்கமாக வைத்துக் காட்டியது. 1871ஆம் ஆண்டில் அவ்வில்லம் பற்றர்சீ என்ற இடத்துக்கு மாறியது. இன்றும் அங்கே நடைபெறுகின்றது.

நமது நாட்டின் வழி வேறாக இருந்தது. 1893ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டமும், 1901ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டமும் நாயைப் பெரும்பாலும் ஓர் அபாயமாகவே கண்டன. கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம் கொடுமை செய்தோருக்கு நூறு ரூபாவுக்கு மேற்படாத அபராதத்தை விதித்தது. அக்காலத்தில் நூறு ரூபா பெருந்தொகை. நூறு ஆண்டு கழிந்தபின் அது ஒரு வேளைத் தேநீருக்கே கணக்காயிற்று. 2006ஆம் ஆண்டில் நாய்களைக் கொல்வதை நிறுத்துவது என்ற கொள்கை அறிவிக்கப்பட்டது. அதன்பின் தடுப்பூசியும் கருத்தடையும் முன்னிலைக்கு வந்தன. தனியாரும் தரும ஸ்தாபனங்களும் காப்பகங்கள் அமைத்தனர். வடக்கே இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளையினர் நாய்களுக்கென ஒரு சரணாலயம் நிறுவினர். சைவ அறநிலையம் ஒன்று நாய்க்கு நிழல் கொடுக்க முன்வந்தது நமக்கெல்லாம் பெருமை தருவதாகும்.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தலாகாது. காப்பகம் என்பது நாய்க்கு வீடன்று. அது வழியிலுள்ள மடம் போன்றது. மடத்தில் ஓரிரவு தங்கலாம். ஆயுள் முழுவதும் தங்கினால் அது மடமாக இராது. காப்பகத்துக்குள் வரும் நாய்கள் பல. வெளியே செல்பவை சில. ஐம்பது நாய்க்குக் கட்டிய இடத்தில் இருநூறு நாய்கள் சேர்ந்தால், எத்துணை நல்ல மனமுடையோர் நடத்தினாலும் அங்கே புறக்கணிப்பு வந்தே தீரும். வலிய நாய் தின்னும், மெலிந்தது பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்றுக்குச் சொறி கண்டால் பத்துக்குப் பரவும். இரவு பகல் குரைப்பொலி ஓயாது, உறக்கம் இராது.

2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று இதனை அளந்தே காட்டியிருக்கின்றது. அமெரிக்காவிலுள்ள ஐந்து காப்பகங்களிலிருந்து நாய்களை ஓரிரு இரவுகள் மனிதர் வீடுகளுக்கு அனுப்பி, அவற்றின் சிறுநீரில் மன உளைச்சலைக் காட்டும் சுரப்புப் பொருளை அளந்தார்கள். வீட்டிலிருந்த நாட்களில் அது குறைந்தது. நாய்கள் நன்றாக ஓய்வெடுத்தன. காப்பகத்துக்குத் திரும்பியதும் அந்த அளவு பழைய நிலைக்கே ஏறிற்று. ஓரிரவு வீட்டில் உறங்கினாலே உடம்புக்கு அத்தனை ஆறுதல் என்றால், ஒரு மாதம் உறங்கினால் எவ்வாறிருக்கும்!

இங்கேதான் நாம் சொல்ல வந்த கருத்து தொடங்குகின்றது. ஒரு நாயை நிரந்தரமாக வளர்ப்பது எல்லோர்க்கும் இயலாது. வாடகை வீடு, வெளிநாட்டுப் பயணம், சிறு பிள்ளைகள் என்று தடைகள் பலவுண்டு. ஆனால் சில வாரங்களுக்கோ சில மாதங்களுக்கோ ஒரு நாயைப் பொறுப்பேற்று, நோய் தீர்த்து, அச்சம் நீக்கி, நல்ல வீடு ஒன்றிலே சேர்த்துவிடுதல் பலருக்கு இயலும். இதனைத் தற்காலிக வளர்ப்பு என்று சொல்கின்றார்கள். நமது தமிழில் இதற்கு அழகிய சொல் ஒன்று ஏலவே இருக்கின்றது. பிறர் பெற்ற பிள்ளையைத் தன் மடியில் வளர்த்து, உரிய காலத்தில் உரிய இடத்துக்குப் போகவிட்டு, பின்னர் தனியே நின்று ஏங்குபவளை நமது சங்கப் புலவர்கள் 'செவிலி' என்றனர். அவ்வாறு ஒரு நாயை வளர்த்து அனுப்பும் வீட்டைச் செவிலி வீடு என்று நாம் அழைப்போம்.

எமது இல்லத்தில் நிகழ்ந்ததை இங்கே சொல்லுதல் தற்பெருமையன்று; செய்ய நினைப்போருக்கு ஒரு வழிகாட்டலாகும் என்பதனாலேயே சொல்கின்றோம். காப்பகத்தின் பெயர் வேண்டியதில்லை. கொழும்புக்கு வெளியே அமைந்த ஓரிடம். நூறுக்கு மேற்பட்ட நாய்களுக்கு இரண்டே வேலையாட்கள். கடைசிக் கூட்டில், சுவரைப் பார்த்தபடி ஒரு பெட்டை நாய் இருந்தது. உடம்பில் மயிரே இல்லை. யானைத்தோல் போலக் கறுத்துத் தடித்த தோல். உணவுத் தட்டு வந்தபோது மற்ற நாய்கள் பாய்ந்தன. அது எழவில்லை. எல்லாம் முடிந்தபின் மெல்ல வந்து வெறுந் தட்டை நக்கிவிட்டுத் திரும்பவும் சுவரைப் பார்த்துக் கிடந்தது. "இது இந்த மாதம் தாண்டாது" என்றார் வேலையாள். அவர் குரலில் வெறுப்பில்லை, அலுப்பு இருந்தது.

வெள்ளவத்தையில் நாம் குடியிருப்பது வாடகை வீடு. ஆதலின் வீட்டுக்காரரிடம் முன்னரே சம்மதம் பெற்றோம். அயலவருக்கும் அறிவித்தோம். முதல் வேலையாக மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றோம். நிறுத்துப் பார்த்தபோது ஒன்பது கிலோ; அவ்வளவு உயரமுள்ள ஊர் நாய் பதினைந்து கிலோவாவது இருக்கவேண்டும் என்றார். காதுக்குள்ளும் கால் விரலிடுக்கிலும் உண்ணி நிறைந்திருந்தது. முரசு வெளிறியிருந்தது. இரத்தத்தைச் சோதித்தபோது உண்ணிக் காய்ச்சல் தெரிந்தது. தோலைச் சுரண்டி உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்து, மயிர்க்காலுக்குள் வாழும் நுண்ணிய சிற்றுண்ணியாலே வந்த சொறி இது, மனிதருக்குத் தொற்றாது என்று சொன்னார். வேறொரு வகைச் சொறி மனிதருக்கும் தொற்றும். ஆகையால் பார்த்த மாத்திரத்தில் நாமே தீர்மானித்தல் கூடாது. உண்ணிக் காய்ச்சலுக்கு 28 நாள் மருந்து. சொறிக்கு மாதமொருமுறை மாத்திரையும், கிழமைக்கொருமுறை மருந்து நீரில் குளிப்பாட்டலும்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். சொறிநாயைக் கண்டால் வாகனத்திலிருந்து கழித்த எண்ணெயை ஊற்றுவதும், மண்ணெண்ணெய் பூசுவதும் நம்மூரில் வழக்கமாக இருக்கின்றன. இவை வைத்தியமல்ல, வதையே. தோல் வெந்துபோவதோடு, நாய் தன்னை நக்கும்போது அந்த நஞ்சு வயிற்றுக்குட் செல்கின்றது. அன்பினால் செய்தாலும் தீங்கு தீங்கே.

உணவிலும் அறிவு வேண்டும். பட்டினி கிடந்த உடம்புக்கு முதல்நாளே வயிறு நிறையக் கொடுத்தால் அதுவே எமனாகலாம். 1945ஆம் ஆண்டில் ஜெர்மானியச் சிறைமுகாம்களிலிருந்து மீட்கப்பட்டோரிற் பலர், பசியின் கொடுமையால் திடீரென்று மிகுதியாக உண்டு உயிரிழந்தனர். நாய்க்கும் அதே நியதிதான். சிறிது சிறிதாக நாளுக்கு நான்கு முறை கொடுத்தோம். வைத்தியர் அவித்த முட்டை கொடுக்கச் சொன்னபோது எமது வீட்டில் ஒரு சிக்கல் எழுந்தது. எமது வீடு முட்டை புகாத வீடு. அம்மம்மாவுக்கு எண்பது வயது. அவர் அடுப்படியின் அதிபதி. நாம் தயங்கித் தயங்கிச் சொன்னோம். அவர் சிறிது நேரம் நாயைப் பார்த்தார். "பிள்ளைக்கு மருந்தெண்டால் குடுக்கத்தானே வேணும். ஆனா என்ரை சட்டியைத் தொடாதேயுங்கோ" என்றார். பின்வளவில் மூன்று கல் வைத்து, ஒரு பழைய சட்டியும் வாங்கிவைத்தோம். மூன்றாம் நாள் அந்தச் சட்டியிலே முட்டை அவித்தவர் அம்மம்மாவேதான்!

பெயர் வைத்தவரும் அவரே. தோலின் நிறத்தைப் பார்த்துக் 'கறுப்பி' என்றார். ஏழாவது கிழமையில் மயிர் முளைத்தபோதுதான் கறுப்பியின் உண்மை நிறம் கபிலம் என்று தெரிந்தது. பெயர் மாறவில்லை.

உடம்பின் நோய் மருந்துக்கு அடங்கியது. மனத்தின் நோய்க்கு மருந்து வேறு. முதல் மூன்று நாளும் கறுப்பி விறாந்தையிலிருந்த வாங்கின் கீழேயே கிடந்தாள். நாம் பார்த்துக்கொண்டிருந்தால் உண்ணமாட்டாள். தும்புத்தடியை எடுத்தால் இருந்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிடுவாள். யாரோ எந்தக் காலத்திலோ தும்புத்தடியால் அடித்திருக்கவேண்டும். இத்தகைய நாயை மடியிலெடுத்துக் கொஞ்சுவது அன்பாகத் தோன்றலாம். அதற்கோ அது மற்றொரு பயங்கரம். அதனை விட்டுவைத்தலே முதல் உபகாரம். குனிந்து முகத்தருகே செல்லாமல், கண்ணுக்குக் கண் உற்றுநோக்காமல், பக்கம் திரும்பி நிலத்தில் அமர்ந்திருப்பதே போதும்.

எமது தம்பி அவ்வாண்டு சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். தினமும் மாலையில் அந்த வாங்கின் பக்கத்தில் முதுகைக் காட்டி அமர்ந்து, வரலாற்றுப் பாடத்தை உரத்து வாசிப்பான். அநுராதபுரத்து மன்னர் வரிசை முழுவதையும் கறுப்பி கேட்டாள். பதினொராம் நாள், அவன் வாசித்துக்கொண்டிருந்தபோது, பாதத்தின்மேல் ஏதோ வெதுவெதுப்பாக இருப்பதை உணர்ந்தான். கறுப்பி தன் மோவாயை அங்கே வைத்திருந்தாள். அவன் அசையவில்லை. அரை மணி நேரம் அதே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தான்.

ஒன்பதாவது கிழமை, 'போத்தல், பேப்பர்' என்று கூவிக்கொண்டு பழம்பொருள் வாங்குபவர் படலையடிக்கு வந்தார். கறுப்பி முதன்முதலாகக் குரைத்தாள். பிறர் வீடுகளில் நாய் குரைத்தால் அதட்டுவார்கள். எமது வீட்டில் எல்லோரும் எழுந்து ஓடிவந்து மகிழ்ந்தோம். தன்னுடையது என்று ஓரிடத்தை நினைக்கும் நாய்தான் வாசலில் நின்று குரைக்கும். இரத்தம் தேறியபின் கருத்தடைச் சத்திரசிகிச்சையும் தடுப்பூசியும் நிறைவேறின. நிறை பதினான்கு கிலோ.

"கல்லைக் கண்டால் நாயைக் காணோம்; நாயைக் கண்டால் கல்லைக் காணோம்" என்பது பழமொழி. சிற்பி செதுக்கிய நாயைப் பார்ப்பவனுக்குக் கல் தெரிவதில்லை. கல்லை ஆராய்பவனுக்கு நாய் தெரிவதில்லை என்பதே அதன் கருத்து என்பர் அறிஞர். காப்பகத்துக்குச் செல்லும் நாமும் அப்படித்தான். புண்ணைக் காண்கின்றோம், நாயைக் காண்பதில்லை. செவிலி வீட்டின் தொழில் இதுவே: புண்ணை நீக்கி, அதற்குள்ளே மறைந்திருந்த நாயை வெளிப்படுத்திப் பிறர் கண்ணுக்குத் தெரியச் செய்தல். கூட்டின் மூலையில் கிடந்த கறுப்பியை ஒருவரும் கேட்கவில்லை. விறாந்தையில் வாலாட்டி நின்ற கறுப்பியை மூன்று குடும்பத்தார் கேட்டு வந்தனர். எமது வீட்டுக்கு மட்டும் வாய்த்த அதிர்ஷ்டமன்று இது. சில நாள் மனிதர் வீட்டில் தங்கிய காப்பக நாய்கள், தங்காதவற்றைக் காட்டிலும் பன்மடங்கு எளிதாக நிரந்தர வீடு பெறுகின்றன என்று 2023ஆம் ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சியும் கூறுகின்றது.

கேட்ட மூவரில் முதல்வர், இரவு முழுவதும் கடையைக் காப்பதற்குச் சங்கிலியில் கட்ட ஒரு நாய் தேடினார். அவரிடம் மரியாதையாக மறுத்தோம். இரண்டாமவர் வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. கறுப்பி திடீர் அசைவுக்கு இன்னும் அஞ்சுபவள். அதுவும் பொருந்தவில்லை. மூன்றாமவர் நீர்கொழும்பில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியர். அவர்கள் ஒருமுறை வந்து பார்த்து உடனே கொண்டுபோக விரும்பவில்லை. நான்கு முறை வந்து கறுப்பியுடன் இருந்து பழகினர். பதினான்காவது கிழமையில் ஒப்படைத்தோம்.

அன்றைய தினம் வீட்டில் ஒருவரும் சரியாக உண்ணவில்லை. வளர்த்தவர் பிரிவது எளிதன்று. கண்ணுவ முனிவர் துறவி; ஆயினும் தாம் வளர்த்த சகுந்தலையைக் கணவன் வீட்டுக்கு அனுப்பும்போது கலங்கினார். முற்றத் துறந்தவருக்கே அந்நிலை என்றால் நம்மைப் போன்றோருக்குச் சொல்லவேண்டுமா? "பிறகு பிரிவதற்கு ஏன் வளர்க்கவேண்டும்? அது நாய்க்கும் கொடுமையல்லவா?" என்று எம்மிடம் கேட்டவருமுண்டு. கறுப்பிக்கு மாற்று வழி எமது வீடன்று. அந்தக் கூட்டின் மூலை. நம்பிக்கை என்பதை ஒருமுறை கற்றுக்கொண்ட நாய், அதனைப் புதிய வீட்டுக்கும் எடுத்துச் செல்லும். நாம் சிந்திய கண்ணீர் நமது பங்கு. அதனைக் காட்டி ஓர் உயிரின் வழியை மறித்தல் ஆகாது. மேலும், கறுப்பியை நாமே வைத்துக்கொண்டிருந்தால் அந்த வாங்கின் கீழ் இன்னொரு நாய்க்கு இடமிருந்திராது. ஒரு செவிலி வீடு ஆண்டுக்கு மூன்று நாயை வளர்த்துக் கொடுத்தால், ஐந்தாண்டில் பதினைந்து உயிர்கள். இச்சங்கத்தில் பத்து வீடுகள் முன்வந்தால் நூற்றைம்பது. இதற்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. நிதி திரட்டும் விழாவும் வேண்டியதில்லை.

செய்ய விரும்புவோர் சில விஷயங்களை மறவாதிருத்தல் வேண்டும். முன்னரே வீட்டில் நாயிருந்தால், வந்த நாயை வைத்தியர் பார்த்து முடியும்வரை வேறாக வைத்தல் வேண்டும். குட்டிகளைக் கொல்லும் வயிற்றோட்ட நோய்கள் விரைந்து பரவும். வெங்காயம், முந்திரிகை வற்றல், சொக்கிலேட், சமைத்த கோழி எலும்பு ஆகியவற்றை நாய்க்குக் கொடுத்தலாகாது. மனிதருக்குரிய காய்ச்சல் மாத்திரையும் ஆகாது. நாய் கடித்தாலோ கீறினாலோ, உடனே சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். அங்கே தடுப்பூசி இலவசம். கடித்த நாயைக் கொன்றுவிடாமல், கட்டிவைத்துப் பத்து நாள் அவதானிக்கவேண்டும். 1885ஆம் ஆண்டில் லூயி பாஸ்ரர் என்ற மேதை ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அந்த ஊசியை ஏற்றிய நாள் தொட்டு, இந்நோய்க்கு அஞ்சி நடுங்கவேண்டிய காலம் போய்விட்டது. அசட்டைக்கு மட்டுமே இன்று அஞ்சவேண்டும்.

நாயை வீட்டுக்கு எடுக்க இயலாதவர்க்கும் வேலை உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பகம் சென்று ஒரு நாயை நடத்திவரலாம். வாகனமுடையோர் வைத்தியரிடம் ஏற்றிச் செல்லலாம். பழைய சேலையும் சாக்கும் கொடுக்கலாம். கையெழுத்து அழகாயிருப்போர் நாய்களின் நோய்க்குறிப்பை ஒழுங்காக எழுதிவைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தத்தம் ஒழுங்கையிலுள்ள பெட்டை நாய்களுக்குக் கருத்தடை செய்விக்கலாம். ஒரு பெட்டை ஆண்டுக்கு இருமுறை ஈனக்கூடியது. ஒரு சத்திரசிகிச்சை எத்தனை உரப்பைகளைக் கோயில் வாசலுக்கு வராமல் தடுக்கும் என்று நீங்களே கணக்கிட்டுக் கொள்ளுங்கள். ஓர் ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி ஏற்றினால் அவ்வூரில் விசர்நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. எழுபது என்பது ஓர் இளைஞர் சங்கத்தின் சக்திக்கு அப்பாற்பட்ட இலக்கமன்று.

அன்பர்களே! மாணிக்கவாசக சுவாமிகள் தம்மை நாய் என்றும் நாயினுங் கடையேன் என்றும் பலவிடத்தும் கூறிக்கொண்டார். தகுதியில்லாத தம்மையும் ஒருவன் வலிந்து வந்து ஆட்கொண்டான் என்ற வியப்பே அச்சொற்களில் நிறைந்திருக்கின்றது. அவ்வாறு ஆட்கொள்ளப்படுவதை நாடி நாள்தோறும் வேண்டுகின்ற நாம், நமது கைக்கெட்டிய தூரத்தில், கூட்டின் மூலையில் சுவரைப் பார்த்துக் கிடக்கும் ஓர் உயிருக்கு அதையே செய்யச் சந்தர்ப்பம் பெற்றிருக்கின்றோம். அதற்குச் செல்வம் வேண்டியதில்லை. பதினான்கு கிழமைப் பொறுமையும், ஒரு பழைய சட்டியும், வாங்கின் கீழ்ச் சிறிது இடமும் போதும்.

செயலாளரின் மேசைமேல் ஒரு கொப்பி வைத்திருக்கின்றோம். செவிலி வீடாக இருக்க விரும்புவோர் தம் பெயரை அதில் எழுதலாம். வீட்டிலுள்ள பெரியோருடன் கலந்துபேசி, அவர்கள் மனமொப்பியபின் எழுதுங்கள். முன்வரிசை, பின்வரிசை என்ற பேதம் அக்கொப்பியில் இல்லை.